ஒரு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது? மதுரையில் மன அமைதி தேடுவோருக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

விடியற்காலையில் ஒரு மணி நேரம், அல்லது வேலை முடிந்து வீடு திரும்பிய பின் ஏழு மணி வாக்கில் ஒரு மணி நேரம்: மதுரையில் குடும்பமும் வேலையுமாக இருக்கும் ஒருவரால் ஆன்மிகத்துக்கென்று ஒதுக்க முடிவது பெரும்பாலும் இவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு இந்த ஊரில் பல வாசல்கள் திறந்திருக்கின்றன. மீனாட்சியம்மன் கோயில் இருக்கிறது. திருவாசகம் ஓதும் அடியார் குழுக்கள் இருக்கின்றன. கீதை வகுப்புகள் நடக்கின்றன. தியானப் பயிற்சிக்கு அழைக்கும் தட்டிகள் பேருந்து நிறுத்தங்களில் தொங்குகின்றன. தெற்குக் கோபுரத்துக்கு அருகே, சொக்கப்ப நாயக்கன் தெருவில், ரமணர் இளம் வயதில் வாழ்ந்த வீடு தியானத்துக்கென்று அமைதியாகக் காத்திருக்கிறது. இவை அனைத்தையும் சில வாரங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘நமக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவர்களை ஊரில் நிறையவே காணலாம். அவர்களுக்குக் குறைந்தது ஈடுபாடு அன்று, தொடங்கிய இடம் பொருந்தவில்லை என்பதே என் எண்ணம். ஆகவே, எது உயர்ந்த வழி என்ற பழைய வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. எவர் எதில் தொடங்கலாம் என்பதை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்த ஒப்பீட்டுக்கு உரிய அளவுகோலை வெளியில் தேட வேண்டியதில்லை. சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறிகளை வகுத்திருக்கிறது. உடலால் செய்யும் தொண்டு சரியை. மந்திரமும் மலருமாகச் செய்யும் பூசை கிரியை. மனத்தை உள்முகமாக நிறுத்தும் பயிற்சி யோகம். பொருளை உணர்ந்து தெளிவது ஞானம். இந்த நான்கும் அரும்பு, மலர், காய், கனி போன்றவை என்று பராபரக்கண்ணியில் தாயுமானவர் பாடினார். கனிதான் வேண்டும் என்பதற்காக யாரும் அரும்பைக் கிள்ளி எறிவதில்லை. ஆனால் இன்றைய நகரத்து வழக்கமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது: வாழ்நாளில் ஒரு கோயில் விளக்கைக்கூடத் துலக்கியிராத ஒருவர், முதல் நாளே கண்ணை மூடி எண்ணமற்ற நிலைக்குப் போக முயல்கிறார், முடியாதபோது தம்மையே நொந்துகொள்கிறார்.

பெரும்பாலோர் முதலில் எண்ணுவது தியானத்தையே என்பதால், ஒப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்குவது முறை. தியானப் பயிற்சிகளிலும் ஒரே தரம் இல்லை. சில நாள் முகாமாக நடத்தி, ஆயிரக்கணக்கில் கட்டணம் பெற்று, முடிவில் ஒரு பயிற்சியைக் கையில் கொடுத்து அனுப்புகிறவை ஒரு வகை. வேதாத்திரி மகரிஷியின் வழியில் நடக்கும் மனவளக்கலை மன்றங்களைப் போல, அக்கம்பக்கத்திலேயே கூடி, எளிய உடற்பயிற்சி, தவம், அகத்தாய்வு என்று மாதக்கணக்கில் படிப்படியாகப் பழக்குகிறவை மற்றொரு வகை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இரண்டாவதே மேல் என்பேன். முகாமின் நான்காம் நாள் வரும் மலர்ச்சி பொய்யன்று. ஆனால் வீட்டுக் கடனின் மாதத் தவணை தேதி வரும்போது அந்த மலர்ச்சியைத் தாங்கிப் பிடிக்க அக்கம்பக்கத்தில் ஆள் வேண்டும். மேலும், அகத்தாய்வு என்ற பெயரில் அங்கே ஆசையைச் சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று ஒவ்வொன்றையும் தனியே எடுத்து எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். தன் குணத்தில் மாற்றம் வேண்டும் என்று வருகிறவருக்கு, வெறுமனே மூச்சைக் கவனிப்பதைக் காட்டிலும் இது நேரடியாகப் பயன்படும்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி ரமணர் ‘நான் யார்?’ உரைநூலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: பிராணாயாமம் மனத்தை அடக்கத் துணை செய்யும், மூச்சு அடங்கியிருக்கும் வரை மனமும் அடங்கியிருக்கும், மூச்சு வெளிப்பட்டால் மனமும் வெளிப்பட்டு, பழைய வாசனைகளின், அதாவது மனத்தில் படிந்த பழைய பதிவுகளின், வழியே அலையும். பயிற்சி வகுப்பில் சேரும் முன் இதை அறிந்திருப்பவர், பயிற்சி தரக்கூடிய அளவுக்கு மேல் அதனிடம் எதிர்பார்த்து ஏமாற மாட்டார். துக்கம் புதிதாக இருக்கும்போது, அதாவது வீட்டில் ஒருவர் இறந்து சில மாதங்களே ஆகியிருக்கும் நிலையில், கண்ணை மூடித் தனியே உட்காரும் பயிற்சியைத் தொடக்கமாக நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய கண்ணுக்குள் முதலில் வந்து நிற்பது அந்த முகமாகத்தான் இருக்கும். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிர் வாழ்வதே பாரமாகத் தோன்றினாலோ, தேட வேண்டியவர் மருத்துவர். அரசு இராசாசி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. தியானம் தொடங்கிவிட்டோம் என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது எந்தச் சாத்திரமும் சொல்லாத காரியம்.

ஒருவரை இழந்த அந்தப் புதிய துக்கத்துக்கு ஏற்ற இடம் கோயில். மதுரையில் அம்மனைத் தொழுது பிறகு சுவாமியைத் தொழுவது வழக்கம். அந்த வழக்கத்தின்படி ஒரு சுற்று நடந்து, பொற்றாமரைக் குளத்துப் படியில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் சரியாகப் போகும். கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். பாதுகாப்புக்காக வந்த இந்த விதியை, மன அமைதி தேடுகிறவர் தமக்கென்றே வகுத்த விரதமாகக் கொள்ளலாம். கோயிலில் அழுகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்பதும் சிறிய ஆறுதல் அன்று. கூட்டத்தைத் தவிர்க்க விரும்புகிறவர், வார இறுதியையும் ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களின் பகல் வேளைகளையும் விட்டுவிட்டு, விடியற்காலையிலோ, பள்ளியறைப் பூசைக்காகச் சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எழுந்தருளும் இரவு வேளையிலோ போகலாம்.

கோயில் வழிபாட்டின் பலவீனமும் இதே எளிமையில்தான் இருக்கிறது. நாள்தோறும் போகிறவர், நாளடைவில் வேண்டுதல் பட்டியலை ஒப்பிக்க மட்டும் போகிறவராக மாறிவிடக்கூடும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், தமக்கு முழங்கால் வலி என்று கேட்டுக்கொண்டே திரும்புகிறவருக்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் அவருடைய கோபமோ பொறாமையோ பத்து ஆண்டுகள் கழித்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். கிரியை மலராக நின்றுவிட்டால் காயாவதில்லை. திருப்பரங்குன்றத்தில் பௌர்ணமி கிரிவலம், பழனிக்குப் பாதயாத்திரை, சபரிமலைக்கு மாலை போடுதல் ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. அவை உடலையும் நாவையும் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டுக்குள் வைக்கின்றன. கட்டு அவிழ்ந்த மறுநாள் என்ன ஆகிறது என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும்.

அதனால், கோயிலுக்குப் போவதோடு பாட்டையும் சேர்த்துக்கொள்வதே நல்லது. இதில் மதுரைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் உள்ள உரிமை பெரிது. பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்க்கச் சம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடியது ஆலவாய் என்னும் இந்த மதுரையில். அவர் இட்ட ஏடு வைகையின் நீரோட்டத்தை எதிர்த்துச் சென்று கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் திருவேடகம் சோழவந்தானுக்கு அருகில். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் மேலூர்ப் பக்கத்தில். திருவாசகம் குடும்பத்தில் இருப்பவருக்கு நெருக்கமாக ஒலிப்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுவதுண்டு. அதைப் பாடியவர் பாண்டியனின் அமைச்சராக இருந்தவர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையும், மேலிடத்துச் சினமும், தண்டனையும் அவர் வரலாற்றில் உண்டு. ஆண்டு முடிவில் தணிக்கைக்கு அஞ்சும் ஓர் அலுவலர், அந்த வரிகளில் தம் குரலைக் கேட்பதில் வியப்பில்லை.

முற்றோதல் எப்படி நடக்கிறது என்பதை ஒரு முறையாவது உடனிருந்து பார்க்க வேண்டும். திருவாசகத்தின் 51 பகுதிகளையும் ஒரே நாளில் ஓதி முடிப்பது என்பதால், காலையில் தொடங்கினால் பொழுது சாயும் வரை நீளும். மண்டபத்தில் வரிசையாகப் பாய் விரித்திருக்கும். முன்னால் இருக்கிறவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் சேர்ந்து பின்பற்றுவார்கள். பெரிய எழுத்துப் புத்தகத்தை மடியில் வைத்து, விரலை வரியின் கீழே நகர்த்திக்கொண்டே போகும் மூதாட்டி ஒருவர் எந்த முற்றோதலிலும் இருப்பார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், வரி தவறுகிற புதியவரின் புத்தகத்தில் தம் விரலையே வைத்துக் காட்டுவார். உச்சி வேளையில் குரல்கள் தளரும். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம் போன்ற துள்ளலான பகுதிகள் வரும்போது மீண்டும் நிமிரும். குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பல மணி நேரம் வாய் ஓயாமல் ஓதும்போது, மனம் தன் புலம்பலைத் தொடர்வதற்கு இடமே கிடைப்பதில்லை. வலிந்து அடக்காமலே அது அடங்குகிறது. தியானத்தில் மாதக்கணக்கில் முயன்றும் கைகூடாத இந்த ஓய்வு, ஓதுகிறவருக்கு அன்றைக்கே ஓரளவாவது கிடைத்துவிடுகிறது.

ஆனால் முற்றோதல் எப்போதாவது ஒரு நாள் நடப்பது. அன்றாடத்துக்கு 95 அடிகள் கொண்ட சிவபுராணம் போதும்; நிதானமாக ஓதினாலும் பத்து நிமிடம்தான் பிடிக்கும். சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்ல வேண்டும் என்று அதன் முடிவிலேயே நிபந்தனை இருக்கிறது. ஆகவே, மீதி நேரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு அடியாக உரையோடு படித்து வந்தால், ஏழு வாரங்களுக்குள் முழுதும் பொருளோடு வசமாகிவிடும். வைணவக் குடும்பத்தவருக்கு இதே இடத்தில் திருப்பல்லாண்டு இருக்கிறது. பாண்டியன் அவையில் பொற்கிழி வென்று, யானை மீது ஊர்வலம் வந்த நேரத்தில் பெரியாழ்வார் அதைப் பாடியதாக வரலாறு. அதனைக் கூடலழகர் கோயிலோடு சேர்த்தே மதுரை நினைவில் வைத்திருக்கிறது. ஒரு மனிதர் தம் வெற்றியின் உச்சியில் தமக்கென்று எதையும் கேட்காமல், இறைவனுக்கே ஒன்றும் நேராதிருக்க வேண்டுமென்று கவலைப்பட்டு வாழ்த்திய 12 பாசுரங்கள் அவை. வேண்டுதல் பட்டியலோடு கோயிலுக்குப் போகும் பழக்கத்தை மாற்ற நினைப்பவருக்கு அவற்றைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியாது.

பாட்டு ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். கூட்டத்தில் வாய் திறக்கக் கூசுகிறவர்கள், நெடுநேரம் ஓரிடத்தில் உட்கார முடியாதவர்கள், சிந்தித்துச் சிந்தித்தே களைத்துப் போனவர்கள். இவர்களுக்கு உழவாரப் பணி உண்டு. அப்பர் சுவாமிகள் உழவாரப் படையைக் கையில் ஏந்திச் செய்த தொண்டைப் பின்பற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு சிற்றூர்க் கோயிலுக்குச் சென்று தூய்மை செய்யும் குழுக்கள் மதுரையைச் சுற்றி இருக்கின்றன. மதிலின் இடுக்கில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவது, நெருஞ்சியையும் எருக்கையும் வெட்டி அகற்றுவது, பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் துலக்குவது என்று வேலைக்குக் குறைவில்லை. இவற்றில் கடினமானது எண்ணெய்ப் பிசுக்கு. ஆண்டுக்கணக்கில் விளக்கேற்றிய மாடக்குழியில் எண்ணெயும் கரியும் தூசும் சேர்ந்து தார் போல இறுகியிருக்கும். வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, மறுபடி ஊறவைத்து, மரச் சீவலால் சுரண்டினால்தான் அடியில் உள்ள கல்லின் நிறம் தெரியும். கல்வெட்டு உள்ள இடத்தில் இரும்பு படக் கூடாது என்பதையும், அறநிலையத் துறைக் கோயிலானால் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே இசைவு பெற வேண்டும் என்பதையும் அனுபவமுள்ள குழுக்கள் அறிந்திருக்கும். அறியாத குழுவில் சேராமலிருப்பது கோயிலுக்கு நல்லது.

இந்தப் பணியைச் சிலர் கீழ்ப்படி என்று கருதுகிறார்கள். ஞானத்தைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்த நண்பர்கள் பலர், துடைப்பத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால், தன்முனைப்பைக் குறைப்பதில் இதற்கு நிகரான தொடக்கம் வேறில்லை. இங்கே வங்கி மேலாளரும் கொத்தனாரும் ஒரே மண்வெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். யார் எவ்வளவு செய்தார் என்று எழுதி வைப்பார் இல்லை. சினம் மிகுந்தவர்களுக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் தம்மை யாரும் மதிக்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதையே.

கீதை வகுப்பு வேறொரு தேவைக்கு உரியது. மனத்தில் கேள்விகள் இருப்பவர், அதாவது நல்லது செய்தும் ஏன் துன்பம், கடமைக்கும் பாசத்துக்கும் இடையே எதைத் தேர்வது என்ற வகைக் கேள்விகளால் அலைக்கழிக்கப்படுபவர், பாட்டாலும் பணியாலும் மட்டும் நிறைவடைய மாட்டார். தமிழில் சுவாமி சித்பவானந்தரின் விரிவான உரை கிடைக்கிறது. மதுரையில் ராமகிருஷ்ண மடம் இருக்கிறது. வகுப்பில் சேரும்போது காலக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: மொத்தம் 700 சுலோகங்கள், வாரத்துக்கு ஐந்து என்றால் 140 வாரங்கள், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். முதல் அத்தியாயத்தின் போர்க்களப் பெயர்ப் பட்டியலிலேயே சோர்ந்து நின்றுவிடுகிறவர்கள் உண்டு. எனவே தனியாகப் படிக்கத் தொடங்குகிறவர், இருபதே சுலோகங்கள் கொண்ட பன்னிரண்டாம் அத்தியாயத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். நாம் இங்கே செய்துகொண்டிருக்கும் ஒப்பீட்டைக் கண்ணனே அங்கே செய்கிறான். மனத்தை என்னிடமே நிறுத்து. அது முடியாவிட்டால் பயிற்சியால் முயல். அதுவும் முடியாவிட்டால் எனக்காகச் செயல் புரி. அதற்கும் இயலாவிட்டால் செய்வதின் பயனையாவது விட்டுவிடு என்று படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில், அந்தப் பயன் துறப்பையே மற்றவற்றுக்கு மேலாக வைத்து, அதிலிருந்து உடனே அமைதி வரும் என்கிறான். இயலாதவருக்குச் சொன்ன கடைசி வழிக்குத்தான் உடனடி அமைதி என்ற உறுதி கிடைக்கிறது என்பது, தியானம் கைகூடவில்லை என்று வருந்துகிற எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம்.

வளர்ச்சியை அளக்கும் முறையும் கீதையிலேயே இருக்கிறது. நிலைபெற்ற அறிவுடையவன் எப்படிப் பேசுவான், எப்படி உட்காருவான், எப்படி நடப்பான் என்று இரண்டாம் அத்தியாயத்தில் அர்ச்சுனன் கேட்கிறான். உள்ளே என்ன ஒளி கண்டான் என்று அவன் கேட்கவில்லை. வகுப்பில் ஓராண்டு இருந்தவர், தமக்கு ஏற்பட்ட அனுபவங்களைக் காட்டிலும், கோரிப்பாளையம் சந்திப்பில் நெரிசலில் சிக்கும்போது தம் நாக்கு என்ன சொல்கிறது என்பதைக் கவனிப்பது பயன் தரும். இந்த வழியின் ஆபத்து ஒன்றே ஒன்றுதான்: மேற்கோள் சொல்லும் திறன் குணத்தைவிட வேகமாக வளரும்.

மீதமிருப்பது ரமணரின் விசார வழி, அதாவது ‘நான் யார்?’ என்று தன்னையே ஆராய்வது. திருச்சுழியில் 1879-இல் பிறந்து, பின்னாளில் ரமணர் என்று பெயர் பெற்ற வேங்கடராமன், 1896 ஜூலையில் மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் திடீரென மரண பயம் கவ்வியபோது, படுத்து, உடலை விறைப்பாக்கி, சாவது எது என்று தமக்குள்ளே நோக்கினார். சிறிது நேரத்தில் எல்லாம் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 16. பயிற்சியும் இல்லை, குருவும் இல்லை, கட்டணமும் இல்லை. இந்த வரலாற்றைக் கேட்கும் எவருக்கும் நேராக இதையே பிடித்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. ஆகஸ்ட் 29-ஆம் தேதி அவர் திருவண்ணாமலைக்குப் புறப்படும் வரையிலான அந்த ஆறு வாரங்களில், முன்பு எப்போதாவது கோயிலுக்குப் போனவர், மாலைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய், சுவாமி முன்பும், அறுபத்து மூவர் திருமேனிகள் முன்பும் நெடுநேரம் நின்று, கண்ணீர் பெருக, அவர்களுடைய பக்தி தமக்கும் வேண்டும் என்று வேண்டினார். பெரியபுராணத்தை அதற்கு முன்பே படித்து உருகியிருந்தவர் அவர். ஞானத்தின் கனியைத் தொட்டவரே பக்தியை விடவில்லை என்றால், விசாரத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துக்கொள்வது நமக்கு எளிதாக இருக்கப் போவதில்லை. பாட்டிலோ பணியிலோ ஓராண்டாவது நிலைத்த பிறகு, சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் போய் உட்கார்ந்து, எழும் ஒவ்வோர் எண்ணத்தையும் இது யாருக்கு என்று கேட்டுப் பார்ப்பது வேறு வகையில் பலிக்கும் என்று கருதுகிறேன்.

இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் வீட்டார் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒருவருடைய விரதத்துக்காக மற்றொருவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தனிச் சமையல் செய்ய நேர்ந்தால், விரதத்தின் பாதி அவருடையது. படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ தாயையோ பார்த்துக்கொண்டு வாசற்படி தாண்ட முடியாமல் இருப்பவருக்கு இங்கே சொன்ன எதுவுமே நடைமுறையில் கிடைக்காது. நெஞ்சகத்தையே கோயிலாகவும், அன்பையே மஞ்சன நீராகவும் வைத்துப் பூசை கொள்ள வருமாறு தாயுமானவர் பாடியது அவருக்குத் துணையாகலாம். ஆனால் அதை அவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு நாம் முற்றோதலுக்குக் கிளம்புவது முறையாகாது. ஞாயிறுதோறும் உழவாரப் பணிக்குப் போகிற மகன், மாதத்தில் ஒரு ஞாயிறாவது அந்தக் கட்டிலருகே தாம் இருந்து, மருந்தும் கஞ்சியும் வேளைக்குக் கொடுத்து, மனைவியைப் பொற்றாமரைக் குளத்துப் படிக்கு அனுப்பிவைக்கலாம்.